அரைகுறையாக விட்டு வைக்க ஓர் இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் தங்களுக்குள் உறங்கிக் கிடக்கும் படைப்பாற்றலை மீட்டெடுப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து அந்த நேரத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அதன் முதல் அறிவுரையைப் படித்தபோது, இதை எங்கள் தெருக் குழாயடியில் நின்று வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். குடிநீர் திறந்துவிடும் நாளில் இங்கே விடியற்காலை நான்கு மணிக்கே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள், கம்பெனி வண்டி தெருமுனைக்கு வருவதற்குள் சோறாக்கி, டப்பா கட்டி, பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க அனுப்பிவிட்டு ஓடுகிறார்கள். இவர்களை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் எழுப்புவதென்றால் முந்தின நாள் இரவிலேயே எழுப்பிவிட வேண்டியதுதான்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது குடியாத்தம், வாழ்க்கைப்பட்டது வேலூர். பெண்களின் கற்பனை எங்கும் தொலைந்து போய்விடவில்லை, ஆகவே அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். செய்வதற்கு நேரம் வேண்டும் என்பது எல்லாரும் சொல்வது. செய்ததைப் பாதியில் விட்டு வைக்க ஓர் இடம் வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

என் தாயார் பீடி சுற்றியவர். மடியில் முறம், முறத்தில் நனைத்து வெட்டிய இலையும் தூளும். ஆயிரம் பீடி முடித்தால்தான் அன்றைய கூலி. கை சுற்றிக்கொண்டே இருக்க, வாய் ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிட வருவார்கள். இறந்தவர் எந்த ஊரில் பெண் கட்டினார், எந்த மகனை எந்த நிலத்தை விற்றுப் படிக்க வைத்தார், கடைசியாக யாருக்குச் சோறு போட்டார் என்பதையெல்லாம், பாடையின் தலைமாட்டில் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்த அந்த நேரத்திலேயே ஒப்பாரியில் கோத்துவிடுவார். மோனை தவறாது, உவமை பழையதாக இராது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வந்த புதிதில், அவற்றை எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று நோட்டும் பேனாவுமாக அவர் எதிரில் உட்கார்ந்தேன். "அது அவங்களுக்குப் பாடினது, அவங்களோட போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு இலையை நனைக்கப் போய்விட்டார்.

அவர் காலமான பிறகு, அலமாரியின் அடித்தட்டில் என் பள்ளிக்கூடக் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. முன்பக்கத்திலிருந்து என் வகுத்தல் கணக்குகள். பின்பக்கத்திலிருந்து பால் கணக்கு. நடுவில் எஞ்சிய தாள்களில் அம்மாவின் கோலங்கள். பெரும்பாலானவை மார்கழியில் எல்லாரும் போடுகிற 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை என்கிற வகைதான். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சிக்குக் கோலம் பாதியில் நின்றிருந்தது. இடப்புறத்திலிருந்து கம்பி புறப்பட்டு, நான்கு புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே ஒரு முறை குறுக்கே வெட்டி, ஐந்தாவது புள்ளியை நெருங்கும் இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. அங்கே இரண்டு மூன்று முறை அழித்துப் பார்த்த கறை இருந்தது. அந்தக் கறையின் மேலேயே, "வியாழன் அரை லிட்டர், வெள்ளி இல்லை" என்று பால் கணக்கு ஏறியிருந்தது. அந்தக் கோலத்தை எந்தக் கோலப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் யாரும் போட்டதும் இல்லை. அது அவரே புதிதாகப் போட முயன்ற ஒன்று. வெள்ளிக்கிழமை பால் வராத அந்த வாரத்தில் அவரை இடையில் கூப்பிட்டது யார், திரும்பி வந்தபோது நோட்டு ஏன் பால் கணக்காகிவிட்டது என்பதை இனி யாரிடம் கேட்பது?

இது ஏதோ பொழுதுபோக்கு, இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் நம் வாசற்கோலங்களை எடுத்துக்கொண்டு, ஒரு வடிவத்தை எந்தெந்த விதிகளால் பிறப்பிக்கலாம் என்று ஆராய்ந்து, 1974-இல் கணினி அறிவியல் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அரிசி மாவில் வரைந்து, பொழுது ஏறுவதற்குள் எறும்பும் சைக்கிளும் அழித்துவிடுகிற ஒன்றுக்குள் ஓர் இலக்கணம் இருக்கிறது என்பதை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

நேரத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் கூலியில்லாத அந்த வேலைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் அப்படி ஈடுபடும் ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். ஆனால் எனக்கு இந்த எண்ணைவிட அதன் உருவம்தான் கவலை தருகிறது. 299 நிமிடமும் ஒரே மூச்சில் வந்து முடிந்துவிட்டால், மிச்ச நேரமாவது முழுசாகக் கையில் நிற்கும். அது குக்கர் விசிலுக்கும் விசிலுக்கும் நடுவே பத்து நிமிடம், துணி காய்வதற்கும் மழை தூறுவதற்கும் நடுவே இருபது நிமிடம் என்று நொறுங்கி வருகிறது. நொறுக்கு நேரத்தில் ஒரு வேலையைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால் தாராளமாகச் செய்யலாம். விட்ட இடம் விட்டபடியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் வீடுகளில் பெண் விட்ட இடம் விட்டபடி இருப்பதில்லை.

அரைகுறை என்ற சொல்லை நாம் யாரிடம் அதிகமாகப் பயன்படுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அரைகுறையாகத் துலக்கிய பாத்திரம், அரைகுறையாக வெந்த சோறு, அரைகுறையாகக் கூட்டிய வாசல் என்று பெண் பிள்ளையைத் திட்டுவதற்கே பிறந்த சொல் போல அதை ஆக்கிவிட்டோம். எதையும் தொட்டால் முடித்துவிட்டு எழுந்திரு என்று பழக்கப்பட்டவளுக்கு, முடியாத ஒன்றைப் பலர் பார்வையில் வைத்திருப்பது கூச்சமாக இருக்கிறது. கதையோ படமோ பாட்டோ, எதுவாக இருந்தாலும் அது பல நாள், சில வேளை பல மாதம், பார்ப்பதற்கு அழகில்லாத ஓர் அரைகுறையாகத்தான் கிடந்தாக வேண்டும். அந்தக் காலத்தை ஒரு பெண்ணின் வேலை எங்கே கழிக்கும்? மேசையில் வைத்தால் சாப்பாட்டுத் தட்டு வரும், கட்டிலில் வைத்தால் படுக்க வருவார்கள், அலமாரியில் வைத்தால் யாராவது எடுத்துப் படித்துவிட்டு, "இன்னாம்மா இது, யாரைப் பத்தி எழுதிக்கினு கீற?" என்று கேட்பார்கள். கேட்பவர் அன்பாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்வியோடு அந்தக் கதை முடிந்துவிடும்.

என் சொந்தக் கதையும் அதுவே. கல்லூரி நாளில் ஐம்பது கவிதைகளுக்கு மேல் எழுதி வைத்திருந்தேன். திருமணத்துக்குப் பின் அவை டிரங்குப் பெட்டியில் இருந்தன. வீடு மாற்றியபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. முடிக்காத தாள்களைக் குப்பை என்று நினைத்துவிட்டார்கள். உண்மையில் நானே அவற்றைப் பற்றி அப்படித்தான் பேசி வந்தேன். பணியில் இருந்த ஆண்டுகளில் மாணவிகளுக்கு நாடகம் எழுதினேன், ஆண்டுவிழா வரவேற்புப் பாட்டு எழுதினேன், ஓய்வு பெறும் தலைமையாசிரியர்களுக்கெல்லாம் வாழ்த்துமடல் எழுதினேன். எல்லாம் நாள் குறித்துக் கேட்டு வாங்கப்பட்டவை. கேட்காத ஒன்றை நான் எழுதவில்லை. எழுத வராமல் போகவில்லை; கேட்காததை எழுதுவது ஒரு வேலை என்று எனக்கே தோன்றவில்லை.

ஓய்வுக்குப் பிறகு மறுபடி தொடங்கியபோது, யாராவது அறைக்குள் வந்தால் நோட்டை மூடிவிடும் பழக்கம் எனக்கு இருப்பதைக் கண்டேன். அறுபது வயதில், என் ஓய்வூதியத்தில் வாங்கிய நோட்டை, என் பேரப்பிள்ளை வந்தால்கூட மூடினேன். வழி கிடைத்தது தையல் மெஷினில். எங்கள் வீட்டில் மரப்பலகையும் வளைந்த மூடியும் கொண்ட பழைய கால்மெஷின் ஒன்று இருக்கிறது. அதன்மேல் பாதி தைத்த ரவிக்கை ஒரு மாதம் கிடந்தாலும் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள்; ஊசி குத்தும் என்ற பயம் ஒன்று, தையல் என்பது வீட்டுக்கு உதவும் வேலை என்ற மரியாதை ஒன்று. நோட்டைத் திறந்தபடி அந்தப் பலகைமேல் வைத்து, பேனாவை நடுவில் கிடத்தி, மூடியைக் கவிழ்த்துவிட்டு அடுப்படிக்குப் போகத் தொடங்கினேன். திரும்பி வந்து மூடியைத் தூக்கினால், நிறுத்திய வரி நிறுத்தியபடி இருந்தது. என் வாழ்க்கையில் அது புதிய அனுபவம். இக்கடிதமும் பதினொரு நாள் அந்த மூடிக்குள் கிடந்து எழுந்ததுதான்.

எழுதத் தெரிந்திருப்பதே முதல் தகுதி என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்கு வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைவூட்ட வேண்டும். 1901-இல் பிறந்து, ஆறு வயது நிரம்புமுன்பே மணம் முடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் போகாதவர் அவர். தம் முதல் நாடகத்தைச் சரளமாக எழுத இயலாத நிலையில், தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுதச் செய்தார். பின்னர் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதியவராக அவரை நாடறிந்தது. கை அடுப்பு வேலையில் இருப்பவளுக்கு வாயாவது ஓய்ந்திருக்கிறது என்பதை அந்தத் தோழியும் அவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இன்று அந்தத் தோழியின் வேலையைக் கைப்பேசி செய்கிறது. தமிழில் பேசினால் தமிழிலேயே எழுத்தாக்கித் தருகிறது. பிழை மலிந்து வந்தாலும் திருத்திக்கொள்ளலாம். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண் ஒருவர், கம்பெனி வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கைப்பேசிக்குக் கதை சொல்வதை நான் அறிவேன். உடன் வருபவர்கள் அவர் வீட்டுக்காரரோடு பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு நேரம் வீட்டுக்காரரோடு பேச என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றாதது வியப்புதான்.

இனி, மகளிர் தினப் போட்டிகள் பற்றி. ஆண்டுக்கு ஒரு முறை மார்ச் 8 அன்று கோலப் போட்டியும் அடுப்பில்லாச் சமையல் போட்டியும் வைத்து, வென்றவருக்கு எவர்சில்வர் தூக்கோ ஹாட்பாக்கோ கொடுத்து அனுப்புகிறோம். கலைக்குப் பரிசு வாங்கப் போனவள் பாத்திரத்தோடு வீடு திரும்பி அதையும் துலக்கி வைக்கிறாள். இதைக் குறையாகச் சொல்வது நன்றி கெட்டதனம் போலத் தோன்றலாம். ஆனால் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தில் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு, அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப் பொன்னும், அதற்கு மேல் நூறாயிரம் காணம் என்னும் பொற்காசும் கொடுத்து, தன் பக்கத்திலேயே அவரை அவன் இருத்திக்கொண்டான் என்று அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது. அவர் பெயருக்குக் காரணமான பாட்டு என்ன? விருந்து வரும் என்று கரைந்த காக்கைக்கு நெய்ச்சோறு ஏழு கலத்தில் வைத்தாலும் போதாது என்பது. அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடுவே நிற்கும் ஒருத்தி கண்டு சொல்லக்கூடிய செய்திதான் அது. அடுப்படியைப் பாடினால் அது சிறிய பொருள் என்று தமிழ் மரபு ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வழக்கம் நடுவில் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பக்கம், எதைச் செய்தாலும் உடனே காசாக்கு என்ற குரல் பெரிதாகக் கேட்கிறது. ஆரி வேலை கற்றுக்கொண்ட பெண்கள் இன்று வேலூரில் தெருவுக்கு இருவர் இருப்பார்கள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் ஏற்றி, கல்யாண ரவிக்கைகளுக்குக் கூலி வாங்குகிறார்கள். நல்ல வருமானம், மிகவும் மகிழ்ச்சி. ஆனால் அவர்களில் ஒருவரிடம், நீங்களாக நினைத்துப் போட்ட பூ எது என்று கேட்டேன். வாடிக்கையாளர் கைப்பேசியில் காட்டும் படத்தை அப்படியே எடுப்பதற்குத்தான் கூலி, சொந்தமாகப் போட்டால் "படத்துல இருந்த மாதிரி இல்லையே" என்று திருப்பிவிடுவார்கள் என்றார். பிறகு உள்ளே போய் ஒரு கைக்குட்டை அளவுத் துணியைக் கொண்டுவந்து காட்டினார். முள்ளுக் கத்தரிக்காய். எங்கள் இலவம்பாடிக் கத்தரிக்காயின் காம்பு முள்ளை வெள்ளி இழையில் குத்திக் குத்திப் போட்டிருந்தார். காயின் ஊதாப் பட்டு நூல் ஒரு பக்கம் முடிந்திருந்தது, மறுபக்கம் வெறும் துணி. "இதை யாரு டீச்சர் ரவிக்கையில போட்டுப்பாங்க?" என்று சிரித்தார். யாரும் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. மறுபக்கத்தை அவர் எப்போது முடிப்பார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

இந்தப் பேச்சுகளிலிருந்துதான் எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பிறந்தது. சங்கம் அன்று, பெயரும் இல்லை. ஒரு கிளை நூலகத்தில், மதியம் இரண்டரை மணிக்கு ஐந்தாறு பெண்கள் உட்காரத் தொடங்கினோம். நான்கரைக்கு மேல் யாராலும் இருக்க முடியாது; பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து வருவார்கள், மாலைப்பால் வரும். முதல் வாரம் ஒருவர் பை நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். கையில் ஒரு வேலை இருப்பதாகக் காட்டினால்தான் வீட்டில் அனுப்புவார்கள் என்றார். அன்று எல்லாரும் கீரை ஆய்ந்துகொண்டே அவர் சொன்ன கதையைக் கேட்டோம். மூன்றாம் வாரம் அவர் கீரை இல்லாமல் வந்தார். எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு விதி: முடிக்காததைத்தான் கொண்டுவர வேண்டும், முடித்ததைக் கொண்டுவந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திருப்பிவிடுவோம். கேட்பவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லக்கூடாது, "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்கலாம்.

அந்த நூலகர் செய்த ஓர் உதவியை இங்கே சொல்லியாக வேண்டும். இரும்பு பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து, உங்கள் நோட்டுகளை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அந்தத் தட்டு வந்த பிறகு நடந்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை மாமியாரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவர் எட்டுப் பக்கம் எழுதினார். அதில் பாதி மாமியார் மீது அன்பு என்பது எழுதிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மகளிர் உரிமைத் தொகையில் அறுபது ரூபாய்க்கு நீள நோட்டு வாங்கி வந்தவர், அதை வீட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கே போகிறாய் என்ற கேள்விக்குத்தான் இன்னும் கட்டணம் இருக்கிறது. நூலகத்துக்கு என்று சொல்வது மரியாதையான பதிலாக இருப்பதால் அதையும் ஒருவாறு சமாளிக்கிறோம்.

கூட்டத்துக்கு வருபவர்களில் ஒருவர் செய்யாற்றுப் பக்கத்துக் கூத்து வாத்தியாரின் மகள். பாரதக் கூத்து நடக்கும் இரவுகளில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உறங்கி வளர்ந்தவர். துகில் உரிதலில் திரௌபதியம்மன் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் அந்த வேடத்தை அவர் தந்தையும் அண்ணனும் கட்டினார்களே தவிர, அவர் ஒருநாளும் கட்டியதில்லை. எங்கள் வட்டாரத்து வழக்கம் அது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் வேடம் கட்டக் கற்றுக்கொடுத்தது என்று கேள்விப்பட்டபோது அவர் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. தமக்கு அது முப்பது ஆண்டு பிந்திவிட்டது என்று சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை, நூலகத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, திரைக்குப் பின்னிருந்து பாடும் விருத்தத்தைப் பாடினார். திரைக்குப் பதில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தோம், தங்கள் நாளிதழ்தான். இப்போது அவர், சபைக்குப் போகுமுன் திரௌபதி தனியாகத் தலை விரித்து உட்கார்ந்திருந்த அந்தச் சிறிது நேரத்தைத் தாமே பாட்டாக எழுதிக்கொண்டிருக்கிறார். நான்கு மாதமாக எழுதுகிறார். இன்னும் தலை வாரி முடியவில்லை.

ஆகவே மாவட்ட நிருவாகத்திடமும் நூலகத் துறையிடமும் நான் கேட்பது மிகச் சிறியது. பழைய வட ஆர்க்காடு இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்து நிற்கிறது. இந்நான்கு மாவட்டத்து நூலகங்களிலும் பெண்கள் தங்கள் முடியாத வேலையை விட்டு வைக்கப் பூட்டுள்ள ஒரு தட்டும், வாரம் ஒரு மதியம் இரண்டு மணி நேரமும், நான்கு நாற்காலிகளும் ஒதுக்க வேண்டும். சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டித்தான் வருகிறோம். புதிதாக நிதி எதுவும் தேவைப்படாது. பயிற்சியாளர், தன்னம்பிக்கைப் பேச்சாளர், குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். நாற்காலி மட்டும் முதுகு சாய்வதாக இருந்தால் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு வேலூரில் இருந்துகொண்டு பதில் சொல்வது எளிது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். 1947 வரை அங்கே ஆண் மாணவர்களுக்கு இடமில்லை. பெண்ணுக்கு அறுவைக் கத்தி பிடிக்க வருமா என்று கேட்ட காலத்தில், உனக்குள் ஆற்றல் உறங்குகிறது என்று அவர்களுக்கு யாரும் கட்டுரை எழுதிக் கொடுக்கவில்லை. கட்டடம், பெஞ்சு, பாட வேளை, சொல்லித்தர ஆள் என்று கொடுத்தார்கள். ஒற்றைக் கட்டிலைப் பார்த்து, இது என்ன அரைகுறை மருத்துவமனை என்று சொல்லியிருந்தால் அதுவும் அன்றைக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

வீட்டிலுள்ள ஆண்களிடம் கேட்பது இன்னும் சிறியது. சமையலில் உதவுங்கள் என்று நான் புதிதாகச் சொல்லப் போவதில்லை. அதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். மேசையிலோ சன்னல் திட்டிலோ ஒரு முழம் இடம் உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ உங்கள் அம்மாவுக்கோ உரியது என்று ஒதுக்குங்கள். அங்கே கிடப்பதை அடுக்காதீர்கள், துடைக்காதீர்கள், எடுத்துப் படிக்காதீர்கள், எப்போது முடியும் என்று கேட்காதீர்கள். என் கணவருக்குத் தையல் மெஷின் மூடியின் கதை இப்போதுதான், இக்கடிதத்தின் வழியாகத்தான் தெரியப் போகிறது. அவர் நல்லவர், ஓரிரு நாள் மனத்தாங்கல் இருக்கும்.

தங்களிடமும் ஒன்று உண்டு. மகளிர் பக்கத்துக்குப் படைப்புகளைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பு வருகிறது. கையெழுத்துப் படியையும், கைப்பேசியில் பேசி அனுப்பும் குரல் பதிவையும் ஏற்றுக்கொள்ள இயலுமா என்று பரிசீலிக்க வேண்டுகிறேன். இயலுமானால் எங்கள் பீரோத் தட்டிலிருந்து மட்டும் மூன்று பேர் அனுப்பக் காத்திருக்கிறார்கள். வண்டிச் சன்னலோரத்துக் கதைக்குப் பின்னணியில் ஆரன் சத்தம் இருக்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அம்மாவின் அந்தப் பாதிக் கோலத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஐந்தாவது புள்ளிக்கு அப்பால் கம்பியை எப்படிக் கொண்டுபோவது என்று நானும் என் மருமகளும் பல நாளாகப் போட்டுப் பார்க்கிறோம். தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. வாசகர்களில் யாருக்காவது பிடிபட்டால் வரைந்து அனுப்பட்டும். இக்கடிதத்தை மகளிர் பக்கத்துக்கு மாற்றாமல் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியிலேயே வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்கள் வீட்டில் ஆண்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.